லைன் என் பேர்ல இருக்கு

உக்காருங்க டீச்சர், உக்காருங்க. இது காலிதான். பையை நான் எடுத்துக்கறேன். டீச்சர்தானே? பாஜு கூரோங் உடுப்பும் கழுத்துல தொங்கற அட்டையும் பார்த்தாலே தெரியுது. தமிழ்ப்பள்ளியா? நெனச்சேன். சனிக்கிழமைகூட மீட்டிங் வச்சு உயிரை எடுக்கறாங்களா? பாவம்தான்.

என்ன வேலையா வந்தீங்க? லைனை வெட்டவா? பார்த்து டீச்சர். கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சா, இல்ல இன்னும் ஓடுதா? ஓடுதுன்னா அபராதம் போட்டுத் தீட்டிடுவான். கட்டின பொண்டாட்டியைக்கூட சுலபமா விட்டுடலாம், இந்த டெலிபோன்காரனை விட முடியாது. நான் சும்மா சொல்லல. எனக்கு இதுல நல்ல அனுபவம் இருக்கு. என் பேர்ல அஞ்சு லைன். குடும்பப் பிளான். எனக்கு, வீட்டம்மாவுக்கு, ரெண்டு பையனுங்களுக்கு, அப்புறம் என் தங்கச்சிக்கு. அஞ்சுக்கும் ஒரே பில்லு. குடும்பம்னா அப்படித்தானே இருக்கணும்?

இப்ப பையனுங்க ரெண்டு பேரும் வேற நம்பர் வச்சிருக்கானுங்க. பெரியவன் சிங்கப்பூர்ல, சின்னவன் ஜொகூர்ல. ரெண்டு பேருக்கும் வேலை ஜாஸ்தி. கூப்பிட்டா எடுக்க முடியறதில்ல. இருந்தாலும் லைனை நான் வெட்டல. இருந்துட்டுப் போகட்டும். என்னிக்காவது தேவைப்படும்.

தங்கச்சி கதைதான் கதை. நம்ம முறை வர இன்னும் நேரம் இருக்கு, சொல்றேன் கேளுங்க. நீங்களே சொல்லுங்க, யார் பேர்ல தப்புன்னு.

தவமலர்னு பேரு. வீட்டுல மலருன்னு கூப்பிடுவோம். எங்கம்மா போகும்போது அவ ஒன்பது வயசுப் புள்ள. எனக்கு அப்பவே கல்யாணம் ஆயிடுச்சு. போர்ட் கிள்ளான்ல ஸ்டோர்ல வேலை. நான்தான் டீச்சர் அவளுக்கு எல்லாம். பள்ளிக்கூடப் பீஸு, சப்பாத்து, தீபாவளித் துணி, எல்லாம். என் பையனுங்களுக்கு ஒரு சட்டைன்னா அவளுக்கு ஒரு பாவாடை. வஞ்சகம் பண்ணல. எங்க வீட்டுல வந்து யாரை வேணா கேளுங்க. இப்ப வீட்டுல யாரும் இல்ல, அது வேற விஷயம்.

மாப்பிள்ளை பார்க்காம இல்ல. பார்த்தேன். நாலஞ்சு இடம் வந்துச்சு. ஒருத்தன் ஆளு குள்ளம். ஒருத்தனுக்கு அம்மாக்காரி வாய் சரியில்ல. ஒருத்தன் ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். அவ்வளவு தூரம் எதுக்கு? இந்த நேரத்துல எங்கப்பா வேற படுத்துட்டாரு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. ஆறு வருஷம் படுக்கைதான். அவரைக் குளிப்பாட்ட, துடைக்க, ஊட்ட, எல்லாம் மலர்தான். அம்சவள்ளிக்கு, அதான் என் வீட்டம்மாவுக்கு, அந்த வாடை ஒத்துக்காது. மலருக்கு ஒத்துக்கும். அப்பா போய்ச் சேர்ந்தப்போ அவளுக்கு முப்பது தாண்டியிருச்சு. அதுக்கப்புறம் எவன் வருவான்? நானும் விட்டுட்டேன். எல்லாருக்குமா எல்லாம் அமையுது?

அப்பதான் ஸ்கூல் வேன் ஓட்டறேன்னு நின்னா. பொம்பளை வேன் ஓட்டறதான்னு நான் யோசிச்சேன். ஆனா வீட்டுல செலவு இருக்கில்ல, சரின்னு விட்டேன். வேன் வாங்கின அன்னிக்கே இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்து என் பிளான்ல ஒரு லைன் எடுத்துக் குடுத்தேன். என் ஐ.சி. அடையாளக் கார்டு, என் கையெழுத்து. வேன் பின்னால அந்த நம்பரைப் பெரிசா எழுதினா. பத்து வருஷம் டீச்சர். நம்ம தாமான் குடியிருப்புல எந்த அம்மாவைக் கேட்டாலும் அந்த நம்பர் தெரியும். மழை பெஞ்சா அவளுக்குத்தான் கூப்பிடுவாங்க, புள்ளைக்குக் காய்ச்சல்னா அவளுக்குத்தான் கூப்பிடுவாங்க. அந்த நம்பர்தான் அவளுக்குச் சோறு போட்டது. அப்ப யாரு போட்டதுன்னு ஆச்சு? நான் போட்டது. லைன் என் பேர்ல இருக்கு.

பில்லு மாசாமாசம் வரும். யாரு யாருக்குக் கூப்பிட்டாங்க, எத்தனை நிமிஷம் பேசினாங்க, எல்லாம் விலாவாரியா இருக்கும். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு அதைப் படிக்கறது ஒரு பழக்கம். சிலபேரு பேப்பர் படிக்கறாங்க இல்ல, அது மாதிரி. ஒரு மாசம் பார்க்கறேன், மலர் லைன்ல ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருது.

சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. பில்லை எதிர்ல வச்சுக் கேட்டேன். "யாரும்மா இது?"

"வொர்க்‌ஷாப் மரியதாஸ்ணே. வேன் விஷயமா."

"வேன் தெனமும் ராத்திரி பத்து மணிக்குத்தான் கெட்டுப் போகுதா?"

அம்சவள்ளி சிரிச்சுட்டா. மலர் சிரிக்கல. கையைக் கழுவிட்டு வந்து நின்னு சொல்றா, "நாங்க கட்டிக்கலாம்னு இருக்கோம்ணே. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

வயசு அப்ப அவளுக்கு முப்பத்தொன்பது. அவன் ஒரு மெக்கானிக். வேதக்காரன். ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, அவ விட்டுட்டுப் போயிட்டா. நகத்துல எப்பவும் கிரீஸ். இதையா நான் ஒன்பது வயசுலேருந்து வளர்த்தேன்?

நான் கத்தல டீச்சர். கத்தறது என் பழக்கம் இல்ல. "யோசிச்சு செய்"னு மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில அவ கேட்டதுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு. கல்யாணத்துக்கு வாங்கன்னு கேக்கல. சம்மதம் குடுங்கன்னு கேக்கல. "அண்ணே, நான் அங்க போயிட்டாலும் வேன் ஓட்டணும். அந்த நம்பரை மட்டும் என் பேர்ல மாத்திக் குடுங்க"ங்கறா. வளர்த்தவன் வேணாம், நம்பர் வேணும்.

"கான்ட்ராக்ட் இருக்கும்மா. முடியாம மாத்த முடியாது. இப்ப வெட்டினா பெரிய அபராதம்"னு சொன்னேன். பொய் இல்ல. அப்ப இன்னும் கொஞ்ச மாசம் பாக்கி இருந்துச்சு. "சரிண்ணே, முடியற வரைக்கும் இருக்கேன்"னுட்டா. இருந்தா. அந்தாளும் காத்துக்கிட்டு இருந்தான். பொறுமைசாலிதான், அதைச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கு வெளியில நிப்பான். நான் உள்ள கூப்பிடல. அவனும் வரல. மோட்டார் சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு நிப்பான்.

கான்ட்ராக்ட் முடியற நேரத்துல சின்னவனுக்குக் காலேஜுக்கு ஒரு நல்ல போன் தேவைப்பட்டுச்சு. உங்களுக்குத் தெரியுமே, கான்ட்ராக்ட்ல எடுத்தா போன் சல்லிசாக் கிடைக்கும். மத்த லைன் எல்லாத்துலயும் ஏற்கெனவே எடுத்தாச்சு. மலர் லைன்தான் தகுதியா இருந்துச்சு. அதுல எடுத்தேன். எடுத்தா என்ன ஆகும்? திரும்ப ரெண்டு வருஷம். அது கம்பெனி சட்டம். நான் போட்ட சட்டமா?

அது தெரியாம அவ அந்தாளைக் கூட்டிட்டு இங்க வந்து கேட்டிருக்கா போல. இன்னும் ரெண்டு வருஷம்னு கவுண்டர்ல சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம, "ஏண்ணே?"ன்னா. அவ்வளவுதான். "ஏண்ணே?"

"பையனுக்குப் போன் வேண்டியிருந்துச்சும்மா. நீ தூக்கி வளர்த்த பையன்தானே?"

அவ அப்படியே திரும்பி வேனை எடுத்துக்கிட்டு டிரிப்புக்குப் போயிட்டா. பேசியிருந்தா நானும் ஏதாவது பேசியிருப்பேன். அந்தப் போக்கு இருக்கு பாருங்க, அது ஒரு திமிரு.

அப்புறம் ஒரு வருஷம் கிட்ட ஆச்சு. காலை டிரிப், மத்தியான டிரிப், சாயங்காலம் டியூஷன் டிரிப்புன்னு ஓட்டினா. ஒரு நாள் வந்து மேசையில கவரை வச்சா. "அபராதக் காசுண்ணே. கட்டி விட்டுருங்க"ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க. காசை விட்டெறிஞ்சு என்னை வெட்டி விடறா.

காசை நான் எடுத்துக்கல டீச்சர். அந்தப் புத்தி எனக்குக் கிடையாது. நம்ம கோயில்ல கும்பாபிஷேக வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அப்படியே கொண்டு போய்க் குடுத்துட்டேன். அவ பேர்லதான் ரசீது. மண்டபத்துல கல்லுல பேர்கூட வெட்டியிருக்காங்க, செல்வி தவமலர்னு. போய்ப் பாருங்க, அழகா இருக்கும். இதைவிட நல்லது அவளுக்கு யாரு செய்வா?

அவகிட்ட சொன்னேன். மறுநாள் போயிட்டா. ஒரு பெட்டி, அப்பா படம், அவ்வளவுதான். போனை சிம்மோட சாமி மேடையில வச்சுட்டுப் போயிருந்தா. எவ்வளவு அழுத்தம் பாருங்க.

அந்தாளைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. எனக்கும் சொல்லி விட்டாங்க. நான் போகல.

அந்த சிம்மை நான் என் பழைய போன்ல போட்டு வச்சேன். மாசம் காசு கட்டறோமே, சும்மாவா விடறது? அம்மாருங்க கூப்பிடுவாங்க. "தவமலர் இருக்காங்களா? நாளைக்குப் புள்ளை வரமாட்டான்." "தவமலர் இல்லீங்களா? வேன் ஓட்டறது இல்லியா?" ஓட்டறது இல்லன்னு சொல்லுவேன். அப்புறம் யாரோ சொல்லித் தெரிஞ்சு மலர் என்னைக் குத்தம் சொன்னா, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு. என் லைனுக்குக் கூப்பிட்டு வேன் ஓட்டறியான்னு கேட்டா நான் என்ன சொல்ல முடியும்? நான் ஓட்டறது இல்லதானே? பாதிப் பேரு வேற வேனுக்குப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வேன் பின்னால பழைய நம்பரை அழிச்சுட்டுப் புது நம்பர் எழுதினா. ஜனங்க எங்க பார்க்கறாங்க?

என்ன டீச்சர், தண்ணி வேணுமா? அந்த மூலையில இருக்கு. வேணாமா? சரி.

போன வருஷம், பள்ளி முடியற நேரம். நான் சாப்பிட உக்காந்தேன். மீன் கறி. அம்சவள்ளி பரிமாறிக்கிட்டு இருந்தா. அந்தப் போன் அடிச்சது. தெரியாத நம்பர். நான் எடுத்தா முதல்ல பேசமாட்டேன். யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் பேசறது. எடுத்துக் காதுல வச்சேன்.

"தவா"ங்கறான்.

அவன்தான். குரல் தெரியும். கொஞ்சம் மூச்சு வாங்குது. பின்னால ஆஸ்பத்திரி சத்தம். "தவா, பயந்துடாத. காப்பார் ரோட்ல ஒரு லோரிக்காரன் இடிச்சுட்டான். காலுதான், வேற ஒண்ணும் இல்ல. போன் உடைஞ்சு போச்சு, உன் புது நம்பர் ஞாபகத்துல இல்ல, இதுதான் மனப்பாடமா வருது. நல்லவேளை, எடுத்துட்டே." அப்படியே சிரிக்கறான். "புள்ளைங்களை எல்லாம் பத்திரமா எறக்கி விட்டுட்டு மெதுவா வா. அவசரப்பட்டு ஓட்டாத. ஒத்தக் காலோட நான் எங்க ஓடிடப் போறேன்?"

வலியில, இந்த நம்பர் இப்ப என்கிட்ட இருக்குன்னே மறந்துட்டான் போல. இவ்வளவும் சொல்லிட்டு, "கேக்குதா தவா?"ங்கறான்.

நான் வச்சுட்டேன்.

என்ன சொல்லச் சொல்றீங்க? தவாவாம். நாங்க வளர்த்த புள்ளைக்கு மலருன்னு ஒரு பேரு இருக்கு. இவன் யாரு புதுசாப் பேரு வைக்க? வச்சுட்டேன். திரும்ப அடிச்சது. எடுக்கல. திரும்பவும் அடிச்சது. சத்தத்தைக் குறைச்சுக் கவுத்து வச்சுட்டு சாப்பிட்டேன். "யாருங்க?"ன்னு அம்சவள்ளி கேட்டா. "ராங் நம்பர்"னேன். அதுல என்ன தப்பு? அவனுக்கு அது ராங் நம்பர்தானே? லைன் என் பேர்ல இருக்கு.

காலுதான்னு அவனே சொன்னான் டீச்சர். நல்லாக் கேட்டுக்குங்க, அவன் வாயால சொன்னான். காலுக்கு யாராவது சாவாங்களா? உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, அது டாக்டருக்கே பிற்பாடுதான் தெரிஞ்சிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன எக்ஸ்ரேயா?

மலர் டிரிப் எல்லாம் முடிச்சுட்டு, வீட்டுக்குப் போய் சமைச்சு வச்சுட்டு, ஆளைக் காணோமேன்னு வொர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கா. அங்கேயும் இல்ல. அப்புறம் போலீஸ்காரன் அட்ரஸைத் தேடிக்கிட்டு வந்து சொல்லி, ஓடியிருக்கா. அவ போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

எங்களுக்கு ராத்திரி விஷயம் வந்துச்சு. அம்சவள்ளி என்னையே பார்த்தா. "மத்தியானம் யாருங்க?"ன்னா. நான் போய்ப் படுத்துட்டேன். அவளும் அப்புறம் கேக்கல. அடுத்த வாரம் பேரனைப் பார்த்துக்கணும்னு சிங்கப்பூர் போனா. இன்னும் அங்கதான் இருக்கா. பேரன்னா அவளுக்கு உசுரு. பள்ளிக்கூடம் போற வயசாச்சு அவனுக்கு, இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா.

சாவுக்குப் போனேன் டீச்சர். வந்த மாலையிலேயே பெரிய மாலை நான் போட்டதுதான். நாலு பேரு கவனிச்சாங்க.

முப்பதாம் நாள் பூசை எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் மலர் வந்தா. கேட்டுக்கு வெளியில, அவன் நிப்பானே, அதே இடத்துல நிக்கறா. நான்தான் உள்ள வான்னேன்.

"அண்ணே, அவரு ஒரு நர்ஸ் போனை வாங்கிப் பேசியிருக்காரு. அந்தப் பொண்ணு என்கிட்ட நம்பரைக் காட்டுச்சு. அந்தப் பழைய நம்பருண்ணே."

"ஆமா, வந்துச்சு."

"நீங்களா எடுத்தீங்க?"

"எடுத்தேன். ராங் நம்பர்னு வச்சுட்டேன்."

"ஒரு நிமிஷம் ஓடியிருக்குண்ணே. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, அவரு ஏதோ பேசினாரு, சிரிச்சாருன்னு. அதுக்குத் தமிழ் தெரியாது. என்னண்ணே சொன்னாரு?"

"சரியாக் கேக்கலம்மா. ஒரே சத்தம்."

"வலிக்குதுன்னாரா?"

"தெரியலம்மா."

"ஏன் வரலன்னு கேட்டாரா? என்னைத் தேடினாரா? கோவமா இருந்தாராண்ணே?"

நான் சொல்லியிருப்பேன் டீச்சர். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ நின்ன நிலையைப் பார்த்தா, சொன்னா தாங்கமாட்டான்னு தோணுச்சு. அவ நல்லதுக்குத்தான். "ஞாபகம் இல்லம்மா, வயசாயிருச்சுல்ல, வந்தா சொல்றேன்"னேன்.

அப்புறம் என்ன நெனைக்கறீங்க? வர ஆரம்பிச்சுட்டா. ஞாயித்துக்கிழமையானா வந்துடுவா. அம்சவள்ளி இல்லாத வீடு, எப்படிக் கிடக்கும் தெரியுமா? கூட்டுவா, துடைப்பா. என் இனிப்புநீர் வியாதிக்கு மாத்திரை எல்லாம் பார்த்து வாங்கி வைப்பா. மீன் கறி வச்சுக் குடுப்பா, அவ கை ருசி அவளுக்குத்தான். பழைய மலர் திரும்பி வந்துட்டா டீச்சர். போகும்போது வாசல்ல நின்னு, "அண்ணே, ஞாபகம் வந்துச்சா?"ன்னு கேப்பா. "வரும்மா, வரும்"னு சொல்லுவேன். தலையாட்டிட்டுப் போவா. ஒரு தடவைகூட என்னைத் திட்டினது இல்ல. அண்ணன்னா அண்ணன்தான், ரத்தம் விட்டுடுமா? இளைச்சுதான் போயிட்டா. கண்ணு உள்ள போயிருச்சு. ராத்திரியில தூங்கறது இல்லன்னு பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?

இப்ப என்னன்னா, கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. அவ கணக்கா ஞாபகம் வச்சிருந்து கேக்கறா. "அண்ணே, இப்பவாச்சும் அந்த நம்பரை எனக்குக் குடுங்க. அவரு கடைசியா என்னைத் தேடின நம்பரு. வேனுக்கு இல்லண்ணே, சும்மா வச்சுக்கறேன்"னு. ரெண்டு பேரும் ஐ.சி.யோட வந்தா மாத்திக் குடுத்துடுவாங்களாம். "சரிம்மா, சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வா"ன்னு சொன்னேன். ஆமா, இன்னிக்குத்தான்.

அதுக்குத்தான் நான் சீக்கிரமா வந்துட்டேன். ஒரு போன் எடுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் போட்டுட்டா முடிஞ்சது. போன் எனக்குத் தேவையில்ல, யாருக்காவது குடுத்துக்கலாம். அதென்ன பார்வை டீச்சர்? செத்தவன் நெனப்புலயே அவ எத்தனை நாளைக்குக் கிடப்பா? நம்பரைக் கையில குடுத்தா அதையே கட்டிக்கிட்டு அழுவா. நான் ஒரு பொறுப்புள்ள அண்ணன்.

நம்ம நம்பரா? ஆமா, என்னைத்தான் கூப்பிடறாங்க. நம்ம தமிழ்ப் பொண்ணுதான் கவுண்டர்ல, நல்லதாப் போச்சு, வேலை சீக்கிரம் முடியும். டீச்சர், ஒரே ஒரு உதவி. நான் முடிச்சுட்டுப் பின்பக்கமாப் பார்க்கிங்குக்குப் போயிடுவேன். எங்கிட்ட நேர்ல கேட்டா அழுவா, நாலு பேரு முன்னால அசிங்கம். நீங்க இங்கதானே இருப்பீங்க? வெள்ளை வேன்ல வருவா, ஒல்லியா இருப்பா. அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரு, இன்னும் ரெண்டு வருஷம் இருக்காம்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வந்துட்டேம்மா. இந்தா ஐ.சி. ஆமா, இந்த லைன்தான். ரெண்டு வருஷம். எந்தப் போனா இருந்தாலும் சரிம்மா, எது மலிவோ அதைக் குடு. கட்டைவிரலா? இதுலயா? வச்சுட்டேன். அழுத்திப் பிடிக்கணுமா? சரி.

இன்னும் பதியலியா? விரலு காய்ஞ்சு போயிருக்கும்மா, வயசான விரலு. இரு, திரும்ப வைக்கறேன். எடுக்கக் கூடாதா? எடுக்கல, எடுக்கல.

அட, அந்த வேன்... பன்னெண்டு ஆகலையே, இப்பவே வந்துட்டாளா? டீச்சர், நீங்க எதுக்கு எழுந்திரிக்கறீங்க? உங்க நம்பர் இன்னும் வரலையே? டீச்சர், வெளியில எதுக்குப் போறீங்க? உங்களைத்தான்! இரும்மா, விரலை வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பாதியில எடுத்தா என்ன ஆகும்? முதல்லேருந்தா? கொஞ்சம் சீக்கிரம் பண்ணும்மா. எதுக்கு அவ கையைப் பிடிக்கறாங்க இந்த டீச்சர்?

டீச்சர்! டீச்சர், அவன் போன்ல சொன்னதைச் சொல்லிடாதீங்க! சொல்லிட்டா அப்புறம் அவ எதுக்கு என் வீட்டுக்கு வருவா?